உலாத்தாமல் விட்ட குழாய்

செய்தி வந்தபோது பிற்பகல் மணி நான்காகப் பத்து நிமிடம் இருந்தது. பிப்ரவரி மாதம். கார் நிறுத்துமிடத்து விளக்குகள் அதற்குள் எரியத் தொடங்கியிருந்தன. மருத்துவமனையின் அடித்தளத்தில் இருந்த தன் பட்டறையில் உட்கார்ந்து இர்யா ஹாபகோஸ்கி கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தொலைபேசியில் தம்பி மனைவி மைரே.

"அல்போ போயிட்டான், இர்யா."

"எத்தனை மணிக்கு?"



"அது எதுக்கு உனக்கு இப்ப?" என்றாள் மைரே. பிறகு அவளே, "மூணு இருபது இருக்கும். நான் காபி போட எழுந்து போயிருந்தேன்" என்றாள்.

வருவதாகச் சொல்லி இர்யா தொலைபேசியை வைத்தாள். எது நின்றாலும் முதலில் மணியைக் கேட்பது அவளுடைய தொழில் பழக்கம். தம்பி செத்த செய்திக்கும் வாயில் அதுதான் வந்தது. கையிலிருந்த ரொட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் கடைசி வரை தின்றாள். தின்று முடித்ததும், தின்றுவிட்டோமே என்று கூசிப்போய், தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மேலங்கியை எடுத்துக்கொண்டாள்.

புற்றுநோய்க் கட்டியின் மேல் கதிர் பாய்ச்சும் எந்திரம் அந்தக் கடற்கரை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதற்குள் எல்லாமே பெரியது. ஆனால் அதன் உயிர் செம்பாலான ஒரு குழாயில் இருந்தது. மேக்னட்ரான் என்பார்கள். ஒரு படிப் பால் காய்ச்சும் பாத்திரத்தின் அளவு. உள்ளே காற்று துளியும் கிடையாது. இரண்டு கனத்த காந்தங்களுக்கு நடுவே அதைப் பொருத்தி, ஆயிரக்கணக்கான வோல்ட் மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாக ஏற்ற வேண்டும். அதிலிருந்து பிறக்கும் அலைதான் கதிரை உந்தும். குழாய் செத்தால் எந்திரம் வெறும் இரும்பு. எந்தக் குழாயும் ஒருநாள் சாகும். எப்போது என்பதுதான் கேள்வி; அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் வேலை இர்யாவுடையது.

மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, தொழில்நுட்பப் பள்ளியில் படித்து, முதலில் வானொலியின் ஒலிபரப்பு நிலையத்தில் வேலை பார்த்தவள். அங்கே ஆள் உயரக் குழாய்கள் தண்ணீரில் குளிர்ந்துகொண்டு வருஷக்கணக்கில் ஓடும். எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை முறை அணைத்து ஏற்றியது, இழை எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் அட்டை போட்டு வைக்கும் வழக்கத்தை அங்கிருந்துதான் கொண்டுவந்தாள். குழாய் செய்கிற நிறுவனம் சராசரி ஆயுள் என்று ஓர் எண்ணை அச்சடித்து அனுப்பும். இர்யா அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவாள். சராசரிக் குழாய் என்று ஒன்று பெட்டியில் வந்து இறங்கியதே இல்லை என்பாள். ஒரே நாளில் செய்த இரட்டைக் குழாய்களில் ஒன்று மூன்று மாதத்தில் போகும். இன்னொன்று மூன்று வருஷம் உழைக்கும். ஒரு குழாய்க்குள் நாளொன்றுக்கு எத்தனை தடவை மின்பொறி வெட்டுகிறது, எந்த நேரத்தில் வெட்டுகிறது, காலையிலா, சூடேறிய பிறகா என்று பார்த்துக்கொண்டே வந்தால் அதன் கதை தெரிந்துவிடும். "இது இன்னும் ஆறு வாரம்" என்று அவள் சொன்னால் கதிரின் அளவைக் கணக்கிடும் இயற்பியலாளரான சிர்க்கா அதை நாட்காட்டியில் குறித்துக்கொள்வாள். பெரும்பாலும் அப்படியே நடக்கும்.

செத்த குழாயைக் கழற்றி மாற்றுக்குழாயைப் பொருத்துவது அரை நாள் வேலை. ஆனால் மாற்றுக்குழாய் அலமாரியில் சும்மா இருக்கக் கூடாது. உலோகத்துக்குள் ஒளிந்திருக்கும் வாயு கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, உள்ளே இருக்கும் வெற்றிடத்தைக் கெடுத்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதை எந்திரத்தில் மாட்டி, மெல்ல மெல்ல வோல்ட் ஏற்றி, ஒரு பகல் ஓடவிட்டுக் கழற்றி வைக்க வேண்டும். இதற்கு மருத்துவமனையில் நாயை உலாத்துவது என்று பெயர். வரவேற்பு மேசைப் பெண்கள்கூட நோயாளிகளிடம், "செவ்வாய்க்கிழமை எந்திரம் ஓடாது, இர்யா நாயைக் கூட்டிக்கிட்டுப் போறா" என்பார்கள். முன்பெல்லாம் இதைச் சனிக்கிழமையில் செய்வாள். நாட்டில் வங்கிகள் கவிழ்ந்து, ஊரில் பாதிப் பேர் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த அந்த வருஷங்களில் சனிக்கிழமை வேலை நிறுத்தப்பட்டது. இரண்டு மாற்றுக்குழாய் ஒன்றானது. வாங்குவதாக இருந்த இரண்டாவது எந்திரம் கோப்பிலேயே நின்றது.

அல்போ சாவதற்கு முந்தைய மே மாதத்தில்தான் அவன் தொண்டைக்குச் சிகிச்சை தொடங்கியது.

அல்போ அவளுக்கு மூன்று வயது இளையவன். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டுபவன். குளிர்காலம் முழுக்கக் குரல் கரகரத்தும் சளி என்றே சொல்லிக்கொண்டிருந்தான். குரல்நாணில் கட்டி என்றார்கள். நடுக்கட்டத்தில் இருக்கிறது, கதிரால் போக வாய்ப்பு உண்டு, போகாவிட்டால் குரல்வளையையே எடுக்க வேண்டும். வாரத்துக்கு ஐந்து நாளாக ஏழு வாரம், நடுவில் நாள் விடாமல் வர வேண்டும் என்பதை மருத்துவர் இரண்டு தடவை சொன்னார். இடைவெளி விட்டால் கட்டி மூச்சுவிட்டுத் தேறி மறுபடி வளரும்.

முதல் நாள், தலை அசையாமல் பிடிக்கும் முகமூடியை மாட்டிப் பலகையில் படுக்க வைக்கும் முன் அவன் இர்யாவைத் தேடினான். அவள் கதவோரம் நின்றிருந்தாள்.

"கரண்ட்காரி, உன் பானை நல்லா வேலை செய்யுதா?"

"உன் தொண்டையை விட நல்லா செய்யுது."

"எனக்கும் ஒரு மீட்டர் மாட்டி வையேன். எத்தனை மணி ஓடியிருக்கேன்னு தெரிஞ்சுக்கலாம்."

"வாயை மூடிக்கிட்டுப் படு. அசையாதே."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து நின்று, பொறி வெட்டும் எண்ணிக்கையைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அந்த முள் ஒரு தடவைகூட அசையவில்லை.

மாற்றுக்குழாயை உலாத்த வேண்டிய மாதம் அது. இரண்டாம் வாரத்துச் செவ்வாய் என்று அவளே குறித்திருந்தாள். ஆனால் அந்த வாரத்தில் ஏற்கெனவே வியாழன் தேவாலயத் திருநாள் விடுமுறை. செவ்வாயும் போனால் ஒரே வாரத்தில் அல்போவுக்கு இரண்டு நாள் தவறும். இர்யா யோசித்தாள். ஓடிக்கொண்டிருந்த குழாய் வயதானது. ஆனால் அடங்கி ஓடியது. யுஹன்னுஸ் பண்டிகை வரை தாங்கும் என்று கணித்தாள். ஜூன் கடைசியில் வரும் அந்த நடுக்கோடைப் பண்டிகைக்கு நாடே கதவைச் சாத்திக்கொண்டு ஏரிக்கரைக்கும் கடற்கரைக்கும் போய்விடும். எந்திரம் எப்படியும் நிற்கும். உலாத்தலை அப்போது வைத்துக்கொள்ளலாம். ஆறு மாதம் ஏழு மாதமாவது பெரிய விஷயம் இல்லை. சிர்க்காவிடம் சொன்னபோது அவளும் தலையாட்டினாள். அப்படித் தள்ளிவைப்பது முதல் தடவையும் அல்ல.

பண்டிகைக்கு முந்தைய வாரம், புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது. அல்போவுக்கு ஏழு நாள் சிகிச்சை பாக்கி.

இர்யா பதறவில்லை. பழையதைக் கழற்றி, அலமாரியிலிருந்து மாற்றுக்குழாயை எடுத்து மாட்டினாள். இழையைச் சூடாக்கி வோல்ட்டை ஏற்றத் தொடங்கியதும் உள்ளே பொறி வெட்டியது. இறக்கினாள். மறுபடி ஏற்றினாள். மறுபடி வெட்டியது. வாயு. பொறுமையாக இருந்தால் இது சரியாகும் என்பதை அவள் ஒலிபரப்பு நிலையத்திலேயே பார்த்திருக்கிறாள். கொஞ்சம் ஏற்றிக் காத்திருந்து, இன்னும் கொஞ்சம் ஏற்றினால் குழாய் தன் வாயுவைத் தானே விழுங்கிக்கொள்ளும்.

மதியத்துக்குள் சிர்க்கா தொலைபேசியில் பேசி முடித்திருந்தாள். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பெரிய நகரத்து மருத்துவமனை ஆறு பேரை எடுத்துக்கொள்ளும். நாள் விடக் கூடாதவர்களின் பட்டியலில் அல்போவும் இருந்தான். வியாழன் நண்பகலுக்குள் பதில் சொல்ல வேண்டும். அங்கே போனால் முகமூடி, திட்டம் எல்லாம் புதிதாகச் செய்ய ஒரு நாள் ஆகும்.

அல்போ காத்திருக்கும் அறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். சிர்க்கா விஷயத்தைச் சொன்னதும் கரகரத்த குரலில், "என் அக்கா என்ன சொல்றாளோ அதான்" என்றான்.

இர்யாவைக் கூப்பிட்டார்கள். அவள் சட்டைக்கையைச் சுருட்டியபடி வந்து நின்றாள்.

"நாளைக்கு எழுந்துடுமா?" என்று கேட்டாள் சிர்க்கா.

"காலையில இருந்ததுக்கு இப்ப பொறி பாதியாக் குறைஞ்சிருக்கு. நாளைக்கு எழுந்துடும்."

"நிச்சயமா?"

"இந்தக் குழாயை எனக்குத் தெரியும்."

அல்போ செய்தித்தாளை மடித்தான். "அப்ப எதுக்கு போக வர நாலு மணி நேரம் பஸ்ல குலுங்கணும்? அந்த இடத்தை வேற யாருக்காவது குடுங்க."

வியாழன் காலை குழாய் முக்கால்வாசி வோல்ட் வரை ஏறியது. நண்பகலில் சிர்க்கா மறுபடி வந்து கேட்டாள். இர்யா அதே பதிலைச் சொன்னாள். அப்போது அது உண்மையாகவும் தோன்றியது. அல்போவின் இடம் இன்னொருத்திக்குப் போனது. மாலையில் முள் மறுபடி துள்ளத் தொடங்கியது. வெள்ளிக்கிழமை முழுக்க ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. சனிக்கிழமை சம்பளம் இல்லாமலே வந்து உட்கார்ந்தாள். பிற்பகலில் குழாய்க்குள் நீளமாக ஒரு வெட்டு வெட்டியது. அதன் பீங்கான் கழுத்தில் முடி போலக் கீறல் விழுந்தது. அதன் பிறகு அதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

புதுக் குழாய் கடல் கடந்து வர வேண்டும். அனுப்புகிறோம் என்றார்கள். ஆனால் சுங்கத்துறையும் லாரிக்காரனும் விடுமுறைக்கு முன்னால் அதை ஊருக்குள் கொண்டுவந்து சேர்க்கவில்லை. பெரிய நகரத்து மருத்துவமனையும் பண்டிகைக்காக மூடும் நேரம். மிஞ்சிய இரண்டு மூன்று நாளுக்காகப் புதுத் திட்டம் போட்டு அல்போவை எடுக்க அவர்களால் முடியவில்லை.

இர்யா அல்போவின் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். மே மாதத்தில் உலாத்தாமல் விட்டதை மட்டும் சொல்லவில்லை; குழாய் கெட்டுவிட்டது என்றாள். அவன் தோளைக் குலுக்கினான். மைரேயும் அவனும் கடற்கரைக் குடிலுக்குப் போனார்கள்.

அந்த நாட்கள் அவனுக்கு நன்றாகவே போயின என்பதை அவள் பிறகு கேள்விப்பட்டாள். கதிர் நின்றதும் தொண்டைப் புண் ஆறியது. வாரக்கணக்கில் கஞ்சியும் தயிருமாக இருந்தவன் புகைபோட்ட வெண்மீனை உப்போடு தின்றான். இரண்டு வேளையும் சவுனா என்னும் நீராவிக் குளியலறையில் உட்கார்ந்தான். பண்டிகை இரவில் கரையில் சொக்கப்பனை எரிந்தபோது பக்கத்துக் குடில்காரர்களோடு சேர்ந்து பாடினானாம். குரல்கூடக் கொஞ்சம் திரும்பியிருந்ததாம். இதைச் சொல்லும்போது மைரேயின் முகம் மலர்ந்தது. குரல் ஏன் திரும்பியது என்று இர்யாவுக்குத் தெரியும். புண் ஆறுகிறது என்றால் கட்டியும் தேறிக்கொண்டிருக்கிறது.

பண்டிகை முடிந்த திங்கட்கிழமை விடியலில் புதுக் குழாய் வந்தது. ஒரு சிணுங்கல் இல்லாமல் முழு வோல்ட்டும் ஏறியது. பத்து மணிக்குச் சிர்க்கா கதிரை அளந்து முடித்தாள். குடிலுக்குப் பக்கத்து வீட்டுத் தொலைபேசிக்கு இர்யாவே அழைத்தாள். ஓடிவந்த மூச்சோடு அல்போ பேசினான்.

"வந்துருச்சா உன் பானை?"

"வந்துருச்சு. மத்தியானமே வா."

"இன்னும் ஒரு மணி நேரம் குடேன்."

"வேணாம் அல்போ. உடனே கிளம்பு."

இழந்ததை ஈடுகட்ட நாளுக்கு இரண்டு தடவையாகக் கொடுத்து முடித்தார்கள். தொண்டை வெந்துபோயிற்று. ஜூலை முழுவதும் தண்ணீர் விழுங்குவதே அவனுக்குப் பாடாக இருந்தது. ஆகஸ்டில் தேறினான். அக்டோபரில் கட்டி அதே இடத்தில் திரும்பி வந்தது. குரல்வளையை எடுத்தார்கள். அதற்குள் கட்டி கழுத்துக்கும் நெஞ்சுக்கும் இறங்கியிருந்தது.

நவம்பரில் ஒருநாள் இர்யா சிர்க்காவின் அறைக்குப் போனாள். சிர்க்கா அவளைவிடப் பதினைந்து வயது சின்னவள். எதற்கும் தயங்காமல் பேசுகிறவள். அன்றைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"ஒரு நாள் தவறினா, கட்டி போற வாய்ப்பு எவ்வளவு குறையும்?" என்றாள் இர்யா.

"நூத்துக்கு ஒண்ணு. ஒண்ணரைன்னும் சொல்றாங்க."

"தவறுன ஒவ்வொரு நாளுக்கும்?"

"ஆமா. ஆனா அது எல்லாரையும் சேர்த்துப் போடுற கணக்கு."

"அல்போவுக்கு?"

"ஒரு ஆளுக்குச் சொல்ல முடியாது, இர்யா. அவனுக்கு எப்படியும் திரும்பி வந்திருக்கலாம். வராமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

"நான் ஒவ்வொரு குழாய்க்கும் தனித்தனியா சொல்லுவேன்."

"தெரியும்."

"மே மாசம் உலாத்தியிருந்தா அந்தக் குழாய் எழுந்திருக்குமா?"

சிர்க்கா மேசையைப் பார்த்தாள். "அதை நீதான் சொல்லணும்."

இர்யாவால் சொல்ல முடியவில்லை. கழுத்து கீறிய குழாய் இன்னும் பட்டறையில்தான் இருந்தது. எத்தனையோ முறை கையில் எடுத்துப் பார்த்திருக்கிறாள். உலாத்தியிருந்தால் பிழைத்திருக்கலாம். வந்தபோதே ஊனமாக வந்ததாகவும் இருக்கலாம். இருபது வருஷமாகச் சராசரியை ஓரமாக வைத்தவளுக்கு, தன் தம்பி விஷயத்தில் சராசரி ஒன்றுதான் கையில் மிஞ்சியது. இத்தனைக்கு இத்தனை என்பதற்கு மேல் ஒரு சொல் அவளுக்குக் கொடுக்க யாரும் இல்லை. குற்றம் என்று ஒருவன் விரல் நீட்டினாலாவது ஒரு பக்கமாகச் சாய்ந்து அழலாம். யாரும் நீட்டவில்லை.

டிசம்பரில் அல்போவிடம் சொன்னாள். மைரே கடைக்குப் போயிருந்தாள். கழுத்துத் துளையில் துணி கட்டி அவன் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தான். மே மாதம் எதை, எதற்காகத் தள்ளிவைத்தாள் என்பதையும், பெரிய நகரத்து இடத்தை வேண்டாமென்று சொன்ன அன்று குழாய் உண்மையில் எந்த நிலையில் இருந்தது என்பதையும் சொன்னாள். நீட்டி முழக்கவில்லை, வேலை முடித்து அறிக்கை கொடுப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவன் முழுதும் கேட்டான். குரல் இருந்திருந்தால் ஏதாவது கிண்டல் செய்திருப்பான். அதை அவளால் தாங்கிக்கொண்டு போயிருக்க முடியும். அவன் எழுந்து அவளுடைய கோப்பையில் காபி ஊற்றினான். தன்னுடையதிலும் ஊற்றிக்கொண்டான். அவனால் குடிக்க முடியாது, கைக்குச் சூடாக இருக்க வைத்துக்கொள்வான். மைரே வரும் வரை இருவரும் பனி பெய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அதற்கு அப்புறம் வந்த நாட்களில் அவனுக்குக் கேட்கத் தெம்பும் இல்லை. அவளுக்குத் திரும்பச் சொல்லத் துணிவும் இல்லை.

அடக்கம் முடிந்து சபைக்கூடத்தில் மீன் சூப்பும் காபியும் கொடுத்தார்கள். துறைமுகத்து ஆட்கள் சுவரோரமாகத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மைரே கூட்டத்துக்கு நடுவே இர்யாவின் கையைப் பிடித்து, பக்கத்திலிருந்த பாதிரியாரிடம், "இவதான் அந்த எந்திரத்தைப் பாத்துக்கிறவ. இவ இல்லேன்னா அவன் கிறிஸ்துமஸே பாத்திருக்க மாட்டான்" என்றாள். பாதிரியார் இர்யாவின் தோளைத் தொட்டார். அவள் சூப்புக் கிண்ணத்தைக் கீழே வைக்க இடம் தேடினாள். மைரேயிடம் அதற்குப் பிறகும் சொல்லவில்லை. சொன்னால் பாரம் தனக்குத்தான் இறங்கும், அவள் மேல் ஏறும் என்று நினைத்தாள். அப்படி நினைப்பது பயம்தானோ என்றும் நினைத்தாள்.

பட்டறை வேலை நடந்தது. புதுக் குழாய்க்கு அட்டை போட்டாள். பக்கத்தில் வைக்க இன்னொரு மாற்றுக்குழாயை மருத்துவமனை வாங்கிக் கொடுத்தது. மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, முப்பது நோயாளிகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு அதை எந்திரத்தில் மாட்டினாள். ஒருத்தர்கூடக் குறைகூறவில்லை. அன்று முழுவதும் முள் அசையவில்லை. அவளுக்கு மனம் எதிலும் ஒட்டவில்லை. முப்பது பேரில் யாருடைய தம்பிக்கு இந்த ஒரு நாள் கணக்கில் ஏறுகிறதோ என்று தோன்றிக்கொண்டே இருந்தது. உலாத்தினாலும் ஒருவர் மேல் விழுகிறது, உலாத்தாவிட்டாலும் விழுகிறது. நாட்காட்டியில் நாளைக் குறிக்கும் பென்சில் மட்டும் அவள் கையில் இருந்தது.

ஜூனில் மைரே அழைத்தாள். குடிலில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஓடவில்லை. வந்து பார்க்க முடியுமா? இர்யா கருவிப் பெட்டியோடு போனாள். மோட்டாரில் பெரிதாக ஒன்றுமில்லை, ஃபியூஸ் கம்பி போயிருந்தது. மாற்றிவிட்டு வெளியே வந்தவளுக்கு மைரே காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுவந்தாள். கடல் பக்கத்துச் சுவர் ஓரமாக, வெயிலில் உட்கார்ந்தார்கள்.

"மேல பாரு" என்றாள் மைரே. "போன வருஷம் அந்த ஜன்னலை எடுத்துச் சரிபண்ணிக்கிட்டிருந்தான். கண்ணாடியைச் சுத்திப் பூசுற பழைய மக்கு எல்லாம் உதிர்ந்துபோச்சுன்னு. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து, உங்களுக்குப் போன்னு சொன்னான் பாரு, கையில மக்கோடவே ஓடுனான். வந்தவன் கையைக்கூடக் கழுவல. இர்யா கூப்பிடுறா, போகணும்னு காரை எடுத்துட்டான்."

"அப்புறம் வரவே இல்லையா?"

"எங்க வந்தான்."

ஜன்னலில் நான்கு கண்ணாடிகள் இருந்தன. மூன்றைச் சுற்றி மக்கு வைத்துக் கட்டைவிரலால் இழுத்து வழித்திருந்தான். அது காய்ந்து வெளுத்திருந்தது. நான்காவது கண்ணாடியைச் சிறு ஆணிகள் மட்டும் பிடித்திருந்தன. அதற்கு மக்கு வைக்கவில்லை.